பழைய உழவு மெசின் வாங்கித் திருத்த விரும்புகிறவர்களுக்கு: மட்டக்களப்பு, அம்பாறைப் புதியவர்களுக்கான வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பழைய உழவு மெசின்களை வாங்கித் திருத்தி ஓட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வயலுக்கென்று புதிய மெசின் வைத்திருப்பவரும், வயலே இல்லாத ஆசிரியரும், கடைக்காரரும், வெளிநாட்டிலிருந்து திரும்பியவரும் இதில் அடக்கம். இவர்களோடு சேர விரும்பும் புதியவர் பெரும்பாலும் மெசினை முதலில் வாங்கிவிட்டு, அதன் பதிவுப் புத்தகத்தையும் அதைத் திருத்தத் தெரிந்த ஆளையும் பிறகு தேடுகிறார். நடக்க வேண்டிய ஒழுங்கு இதற்கு நேர்மாறானது: முதலில் ஆட்கள், அடுத்தது பத்திரங்கள், கடைசியில்தான் மெசின். ஒரு பழைய நான்கு சில்லு மெசினைப் பெயர் மாற்றி, ஓடும் நிலைக்குக் கொண்டுவருவதற்குள் நான் பட்ட அலைச்சலை அடுத்தவர் படக் கூடாது என்பதற்காகவே இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

1. போகத்தைப் பார்த்துக் காலம் குறியுங்கள்

பெரும்போக உழவும் விதைப்பும் புரட்டாதி, ஐப்பசியில் தொடங்குகின்றன. அறுவடை தை கடைசியிலிருந்து பங்குனி வரை செல்கிறது. இந்த இரண்டு காலங்களிலும் ஓடுகிற மெசினை எவரும் விற்க மாட்டார், விற்றாலும் விலையைக் கூட்டித்தான் சொல்வார். மெக்கானிக்கும் உங்கள் பொழுதுபோக்குக்காக நேரம் ஒதுக்க மாட்டார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் மழையை நம்பிய வயல்கள் அதிகம் என்பதால், அங்கே அறுவடை முடிந்த நாளிலிருந்து ஆவணி வரை பல மெசின்கள் கொட்டிலில் சும்மா நிற்கும். வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை, கரடியனாறு, வாகரைப் பக்கங்களில் தேடுகிறவர்களுக்கு இதுவே உகந்த காலம். கல்லோயா நீர் பாயும் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கங்களில் சிறுபோகமும் நடப்பதால், மெசின்கள் ஓய்ந்து நிற்கும் இடைவெளி குறுகியது. அங்கே பெரும்போக அறுவடைக்கும் சிறுபோக உழவுக்கும் நடுவில் விரைவாகப் பேசி முடிக்க வேண்டும்.

சித்திரை வருடப்பிறப்புக் கழிந்ததும் தேடத் தொடங்கி, வைகாசிக்குள் பேசி முடித்து, ஆனியிலும் ஆடியிலும் கழற்றிப் பூட்டி, ஆவணியில் ஓட்டிப் பார்ப்பது நல்ல கணக்கு. ஐப்பசி கடைசியில் மழை இறங்கிவிட்டால் திறந்த கொட்டிலில் என்ஜினைத் திறந்து வைத்து வேலை செய்ய முடியாது. பெயர் மாற்ற வேலையை மெசின் திருத்தி முடியும்வரை தள்ளிப்போடாமல், பணம் கைமாறும் அன்றே தொடங்க வேண்டும்.

2. அயலில் என்ன ஓடுகிறது என்று பார்த்து மெசினைத் தெரிவு செய்யுங்கள்

அரிதான மெசின் என்பது பார்ப்பதற்குப் பெருமை, வைத்திருப்பதற்குத் துன்பம். வீல் ஹோர்ஸ், கப் கடெட் போன்ற அமெரிக்கத் தோட்ட மெசின்களைப் படங்களில் பார்த்து ஆசைப்படும் இளைஞர்கள் உண்டு. அவை அந்த நாட்டில் வீட்டுப் புல் வெட்டவும் சிறு தோட்டங்களை உழவும் செய்யப்பட்டவை. அவற்றுக்கான ஒரு வோஷரைக்கூட இங்கே எந்தக் கடையிலும் கேட்டு வாங்க முடியாது. நமது மண்ணில் அந்த இடத்தை நிரப்புவது கை மெசின்தான். எந்தக் கம்பனி செய்த இரண்டு சில்லு மெசினையும் நாம் லேண்ட்மாஸ்டர் என்றே அழைக்கிறோம். ஆனால் உண்மையான லேண்ட்மாஸ்டர் இங்கிலாந்தில் செய்யப்பட்டது, அதற்கு இன்று உதிரிப்பாகம் கிடைப்பது மிகக் கடினம். புதியவர் குபோட்டா அல்லது யன்மார் கை மெசினோடு தொடங்குவது நல்லது. ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜின், வீ பெல்ட், கியர் பெட்டி ஆகிய மூன்றையும் புரிந்துகொண்டால் மெசினின் பெரும்பகுதி புரிந்துவிடும். இரண்டு பேர் சேர்ந்தால் என்ஜினைத் தூக்கி இறக்கவும் முடியும்.

நான்கு சில்லு வேண்டும் என்பவர்கள் மெசி பேர்குசன் 35 அல்லது 135 பக்கம் போகலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. 35 என்ற பெயரில் நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின் பூட்டியவையும் உண்டு, பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் என்ஜின் பூட்டியவையும் உண்டு. நான்கு சிலிண்டர் என்றதும் வலு கூடியது என்று நினைத்துப் பலர் அதைத் தெரிவு செய்கிறார்கள். அந்த என்ஜின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் அடம்பிடிப்பதற்குப் பெயர் போனது, உதிரிப்பாகமும் அரிது. 152 கன அங்குலம், அதாவது 2.5 லீற்றர் கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் என்ஜினோ, 1964இல் வெளிவந்த 135இலும் தொடர்ந்தது. இந்தியாவில் தயாராகும் மெசின்களிலும் அதே வழிவந்த என்ஜின்கள் பூட்டப்பட்டதால், றிங், கேஸ்கட், வால்வு போன்றவை இன்றும் கிடைக்கின்றன. பொனட்டைத் திறந்து, சிலிண்டருக்கு ஒன்றாக டீசலைப் பீச்சும் நொசில்களை எண்ணினால் போதும்: மூன்று இருந்தால் பேச்சைத் தொடருங்கள், நான்கு இருந்தால் பிளேன்டியைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிப் புறப்படுங்கள்.

வாங்கப் போகும் மாதிரியை வைத்திருப்பவர் உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

3. புத்தகத்தைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்

பதிவுச் சான்றிதழைத்தான் ஊரில் புத்தகம் என்கிறோம். மெசினைப் பார்க்கப் போகும்போது முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். எங்கள் கூட்டத்தில் மூத்தவரான ஒரு காக்கா விற்பவரைக் கண்டதும் சொல்வது இது: "மெசினைப் பிறகு பாப்பம் தம்பி, புத்தகத்தைக் கொண்டு வாங்க." அவர் அப்படிச் சொன்னதும் சில விற்பனைகள் அந்த இடத்திலேயே முடிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

புத்தகம் கைக்கு வந்ததும் சேசிஸ் இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் மெசினில் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். வெறும் கண்ணால் பார்ப்பது போதாது. கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, சுண்ணக்கட்டி பூசித் துடைத்தால் எழுத்துகள் தெளியும். பழைய மெசின்களில் என்ஜின் மாற்றியிருப்பது சாதாரணம். மாற்றியது தவறன்று, அதைப் பதிவில் மாற்றாமல் விட்டதுதான் பெயர் மாற்றத்தின்போது உங்கள் தலையில் விழும். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனி ஒன்றின் பெயர் இருந்தால், கடன் முடிந்து அந்தப் பெயர் நீக்கப்படும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள். இழுவைப் பெட்டிக்குத் தனி இலக்கமும் தனிப் புத்தகமும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மெசினோடு பெட்டியும் சேர்த்து விலை பேசினால் இரண்டு புத்தகங்களும் கைக்கு வர வேண்டும்.

பெயர் மாற்றத்துக்கு இரண்டு படிவங்கள் முக்கியமானவை. உடைமை மாறியதை விற்பவர் அறிவிக்கும் எம்.டி.ஏ. 6 ஒன்று, புதிய உரிமையாளராகப் பதிய வாங்குபவர் விண்ணப்பிக்கும் எம்.டி.ஏ. 8 மற்றது. இவற்றோடு புத்தகத்தின் மூலப் பிரதி, இருவரின் தேசிய அடையாள அட்டைப் பிரதிகள், நடப்பிலுள்ள வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றை ஒரே உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை முகவரியும் இப்போது வசிக்கும் முகவரியும் வேறாக இருப்பவர்கள் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழையும் எடுத்து வைப்பது நல்லது. கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால், நண்பர் போன வருடம் கட்டிய தொகையைக் கேட்டுக்கொண்டு போகாமல், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் அன்றைய கட்டணத்தைக் கேட்டறியுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் எல்லாப் பத்திரங்களிலும் இரண்டு போட்டோப் பிரதிகளைக் கையில் கொண்டு போங்கள். போட்டோப் பிரதிக் கடைக்கு இறங்கி, திரும்பி வந்து, மறுபடியும் வரிசையின் கடைசியில் நிற்பதில்தான் அரை நாள் போகிறது.

பொறிகளில் பெரியது ஓபன் பேப்பர். விற்பவர் கையொப்பமிட்டு, வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்ட படிவத்தோடு மெசின் மூன்று நான்கு கை மாறியிருக்கும். புத்தகத்தில் உள்ளவரோ கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், அல்லது காலமாகியிருப்பார். கையொப்பம் பொருந்தவில்லை என்றோ, அடையாள அட்டைப் பிரதி தெளிவில்லை என்றோ விண்ணப்பம் திரும்பினால், சரிசெய்து தர ஆள் இல்லை. என்னுடைய பெயர் மாற்றம் இழுபட்டதும் இந்த வகையில்தான். பதிவில் உள்ளவரோடு நேரிலோ தொலைபேசியிலோ பேச முடியாத மெசினை வாங்கவே வேண்டாம் என்பது என் முடிவு. உரிமையாளர் இறந்திருந்தால், வாரிசுகள் முதலில் தங்களுக்குள் ஒருவருடைய பெயருக்கு அதை மாற்றித் தரட்டும். அதற்குப் பிறகு நீங்கள் வாங்கலாம். விலை குறைவு என்பதற்காக அந்த வேலையை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் மூத்த மகன் சம்மதித்த பிறகு நான்காவது மகள் சம்மதிக்காமல் இருப்பது எந்தக் குடும்பத்திலும் நடக்கக்கூடியது.

யுத்த கால இடப்பெயர்விலும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியிலும் புத்தகம் தொலைந்த மெசின்கள் கரையோர ஊர்களில் இன்னும் உள்ளன. தொலைந்ததைப் பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியோடு இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவிலுள்ள உரிமையாளர், வாங்குபவர் அல்லர். பல வருடம் வரி கட்டாமல் நின்ற மெசின் என்றால், பாவனையில் இல்லை என்று பிரதேச செயலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தாரா என்று கேளுங்கள். கொடுக்காவிட்டால் நிலுவையும் தண்டமும் எவ்வளவு என்று விசாரித்து, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள்.

4. குளிர்ந்த என்ஜினைப் பாருங்கள்

நீங்கள் வரும் செய்தி அறிந்து, விற்பவர் முன்கூட்டியே என்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார். போனதும் என்ஜினில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் பேச்சுக் கொடுத்து ஆறும்வரை இருங்கள், அல்லது மறுநாள் விடிய வாருங்கள். குளிர்ந்த நிலையில் எவ்வளவு நேரத்தில் ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் என்ஜினின் உண்மையான வயது. நீலப் புகை ஒயில் எரிகிறது என்பதையும், ஓடிச் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை டீசல் சரியாக எரியவில்லை அல்லது தண்ணீர் உள்ளே போகிறது என்பதையும், பாரம் இல்லாமலே வரும் கரும்புகை நொசில் அல்லது டீசல் பம்பு வேலை இருக்கிறது என்பதையும் காட்டும். சூடான பிறகு ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அங்கிருந்து விட்டு விட்டுப் புகை தள்ளினால் றிங் தேய்ந்துவிட்டது.

மெசி மெசின்களில் ஹைட்ரோலிக் பம்பு பின் கியர் பெட்டியின் ஒயிலுக்குள்ளேயே இருக்கிறது. மழையில் நின்ற மெசினில் கியர் கம்பியின் கிழிந்த றப்பர் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, ஒயில் பால் போல வெளுத்திருக்கும். ஆழக்கம்பியை உருவிப் பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு கலப்பையை மாட்டித் தூக்கி, என்ஜினை நிறுத்தி, அது எவ்வளவு நேரத்தில் கீழே இறங்குகிறது என்று பாருங்கள். இன்னொன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். 35இல் கியர் கம்பியை எஸ் என்று குறித்த இடத்தில் வைத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். கியரில் கிடக்கும்போது மெசின் பாயாமல் இருப்பதற்கான பாதுகாப்பு அது. பல மெசின்களில் அந்தச் சுவிட்ச் பழுதான பிறகு நேரே வயர் இழுத்திருப்பார்கள். வாங்கினால் முதல் வேலையாக அதைத் திருத்துங்கள்.

கை மெசினில் வீ பெல்ட்டின் வெடிப்பு, சங்கிலிப் பெட்டியின் ஒயில், இரண்டு கைப்பிடிக் கிளச்சுகளும் தனித்தனியாக விடுபடுகின்றனவா என்பது, றோட்டரிக் கத்திகளின் தேய்மானம் ஆகியவற்றைப் பாருங்கள். கைப்பிடி சுற்றி ஸ்டார்ட் செய்யும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக வளைத்துப் பிடித்தால், என்ஜின் பின்னால் உதைக்கும்போது மணிக்கட்டு முறியலாம். காரைதீவு, திருக்கோவில், கல்லாறு போன்ற கடலோர ஊர்களில் நின்ற மெசின் என்றால் மட்காட்டின் அடிப்பக்கத்தையும் பற்றரிப் பெட்டியையும் விரலால் தட்டிப் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த மெசின் என்றால் இரண்டு மடங்கு கவனமாகத் தட்டுங்கள்.

5. செலவைப் பிரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு உதிரிப்பாக விலைகள் ஏறிய விதத்தில், இங்கே ரூபாய்க் கணக்கு எழுதினால் அது விரைவில் பழசாகிவிடும். விகிதம் சொல்கிறேன்: மெசினுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியளவாவது திருத்த வேலைக்குக் கையில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். நான்கு சில்லு மெசினுக்கு அந்தப் பாதியில் பெரும்பங்கை விழுங்குவது டயர். 135க்குப் பின்னால் 12.4-28 அளவும் முன்னால் 6.00-16 அளவும் வழக்கம். பின் டயர் இரண்டும் வெடித்திருந்தால், அதை விலை பேசும்போதே சொல்ல வேண்டும். அடுத்து பம்பும் நொசிலும், அதற்கடுத்து கிளச் தட்டு, பிறகு சீல்கள், பற்றரி. பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. சிவப்பும் சாம்பலும் அடித்துப் பளபளப்பாக நிற்கும் மெசின், பணம் தீர்ந்துபோய் ஓடாமல் கிடப்பதைக் காண்பது கூட்டத்தில் எல்லாருக்கும் சங்கடம்.

மறைந்திருக்கும் செலவு லொறிக் கூலி. மெசினைக் கொண்டுவரும் லொறியை, உங்கள் பக்கம் வெறுமையாகத் திரும்பும் நாளாகப் பார்த்துப் பேசுங்கள். உதிரிப்பாகத்துக்காகக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு நேரே போவதைவிட, கூட்டத்தில் யாராவது போகும்போது பழைய பாகத்தையே கையில் கொடுத்து அனுப்புவது மலிவு. இலக்கத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் வேறொன்று வந்து சேரும். இரவு பஸ்ஸில் பார்சல் போட்டால் விடியற்காலையில் பஸ் தரிப்பிடத்தில் நின்று வாங்க வேண்டும். நடத்துனரின் தொலைபேசி இலக்கத்தை இரவே பெற்றுக்கொள்ளுங்கள்.

சாவிகள் (ஸ்பனர்கள்) வாங்கும் முன் ஒரு சொல். மெசி 35, 135 மெசின்களின் நட்டுகள் அங்குல அளவு; ஜப்பான் கை மெசின்கள் மில்லிமீற்றர் அளவு. 9/16 அங்குல நட்டுக்கு 14 மில்லிமீற்றர்ச் சாவி ஏறாது, 15 போட்டால் வழுக்கி முனையைத் தின்றுவிடும். 3/4 அங்குலத்துக்கு மட்டும் 19 பொருந்திவிடுவதால், மற்றவையும் பொருந்தும் என்று ஏமாறுகிறார்கள். மெசியை வாங்குபவர் நல்ல அங்குலச் செட் ஒன்றை வாங்கிய பிறகே நட்டில் கை வைக்க வேண்டும்.

6. கூட்டத்தோடு சேர்ந்து வேலை செய்யுங்கள்

கிளச் மாற்றுவதற்கு நான்கு சில்லு மெசினை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். இதைத் தனியாகச் செய்யும் ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை. ஜக் பிடிக்க ஒருவர், மரக்கட்டை வைக்க ஒருவர், முன் பக்கத்தை நேராக நகர்த்த இருவர், நிழலில் இருந்து குறை சொல்ல இரண்டு மூன்று பேர் என்று ஆட்கள் வேண்டும். ஞாயிறு, போயா நாட்களில் யாராவது ஒருவருடைய வளவில் இப்படி ஒரு மெசின் பிரிந்து கிடக்கும். புதியவர் நுழைய வேண்டிய வாசல் இதுதான். மெசின் வாங்குவதற்கு முன்பே போய் நில்லுங்கள். நட்டுக் கழுவிக் கொடுங்கள், டோர்ச் பிடியுங்கள். எந்த நட்டு எந்த ஓட்டைக்குரியது என்று பழைய பணிஸ் பெட்டி மட்டையில் துளையிட்டுச் செருகி வைக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். பொறுமையான ஆள் என்ற பெயர் அதில் கிடைக்கும்.

எழுதப்படாத ஒழுங்குகள் சில உண்டு. இரவல் வாங்கிய புல்லர், டோர்க் சாவி, வால்வுக் கம்பிறசர் போன்றவற்றைத் துடைத்துக் கிறீஸ் பூசி, சொன்ன நாளுக்கு முன் திருப்பிக் கொடுக்க வேண்டும். உடைந்தால் புதியது வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் செய்தி சொல்ல வேண்டும். நண்பர்களின் உடல் உழைப்புக்குக் கூலி கொடுக்க முற்பட்டால் கோபித்துக்கொள்வார்கள். காலை பிளேன்டி, பத்து மணிக்கு வடை, மதியம் சோறு என்பதைக் குறையில்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் மெக்கானிக் வேலையையே தொழிலாகக் கொண்டவர் அந்தக் கூட்டத்தில் நண்பராக வந்து நின்றாலும், பம்பைத் திறந்தவர் அவர் என்றால் அவருடைய கூலியை அன்றைக்கே, மற்றவர்கள் பார்க்காமல் கையில் வைக்க வேண்டும். இதைத் தவறவிட்டவர்களுக்கு அடுத்த முறை அவர் வருவதில்லை, ஏன் என்றும் சொல்வதில்லை.

நாள் குறிக்கும்போது எல்லாரையும் நினைத்துக் குறியுங்கள். சம்மாந்துறை, அக்கரைப்பற்று, ஏறாவூர் நண்பர்களுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்பே வேலை நிற்க வேண்டும். நோன்பு மாதத்தில் பாரமான வேலையை வைக்காமல் இருப்பது மரியாதை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் நாட்களில் எங்களுடைய ஆட்களைப் பிடிக்க முடியாது. அம்பாறை நகரத்திலும் உகணையிலும் மெசியை நன்கறிந்த சிங்கள மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பாஸ் என்று மரியாதையாக அழைத்து, அரைகுறைச் சிங்களத்தோடு பாகத்தைக் கையில் வைத்துக் காட்டினால் காரியம் நடக்கிறது. மூன்று மொழியும் கலந்து ஒரு பம்பைச் சுற்றி நடக்கும் வாக்குவாதத்தில், யார் சொன்னது சரி என்பதை என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போதுதான் அறியலாம்.

ஒரு எச்சரிக்கை. யாருடைய மெசினையும் அவர் இல்லாத இடத்தில் குறைத்துப் பேசாதீர்கள், அவர் என்ன விலைக்கு வாங்கினார் என்பதையும் வெளியே சொல்லாதீர்கள். விலை பரவினால் அயலில் உள்ள எல்லா மெசினும் அந்த விலைக்கு ஏறிவிடும்.

7. சிறிய வேலையிலிருந்து பெரியதற்குப் போங்கள்

மெசின் வளவுக்கு வந்ததும் உடனே பிரிக்காதீர்கள். எல்லா ஒயிலையும் வடித்து, பில்டர்களை மாற்றி, டீசல் டாங்கியைக் கழுவுங்கள். ஓடாத என்ஜின்களில் கணிசமானவை அழுக்கு டீசலாலும் குழாய்க்குள் புகுந்த காற்றாலும் நிற்பவையே. காற்று எடுக்கும்போது பில்டரில் தொடங்கி, அடுத்து பம்பின் காற்றுத் திருகாணிகள், கடைசியாக நொசில் குழாயின் நட்டுகள் என்ற ஒழுங்கில் போக வேண்டும். நுரை நின்று டீசல் மட்டும் வந்த பிறகே ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். பேர்கின்ஸ் மூன்று சிலிண்டரில் வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம். இவ்வளவும் செய்த பிறகும் ஓடவில்லை என்றால் மட்டும் மெக்கானிக்கை அழையுங்கள். பம்பை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். அது சோதனை மேசை உள்ள பட்டறைக்குரிய வேலை.

கராஜில் விட நேர்ந்தால், கழற்றிய பாகங்களின் பட்டியலை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். ஆவணி கடைசிக்குள் முடிக்க முடியாது என்று மெக்கானிக் சொன்னால், மெசினைத் திறக்க விடாதீர்கள். உழவு தொடங்கியதும் உங்களுடையது மூலைக்குத் தள்ளப்படும், தை பிறந்த பிறகுதான் அதற்கு மறுபடி ஸ்பனர் படும்.

8. வீதியில் இறக்குவதற்கு முன்

சாரதி அனுமதிப்பத்திரத்தில் கை மெசினுக்கு ஜீ 1, நான்கு சில்லு உழவு மெசினுக்கு ஜீ என்ற வகுப்புகள் இருக்க வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் நடப்பில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் இலக்கத் தகடு, பெட்டியின் பின்புறத்தில் சிவப்புப் பிரதிபலிப்பான் ஆகியவை இல்லாமல் இரவில் கல்முனை வீதியில் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

பழைய மெசின்களில் கவிழும்போது காக்கும் இரும்புச் சட்டம் இல்லை. வரம்பில் குறுக்காக ஏறாதீர்கள். சேற்றில் புதைந்த லொறியை இழுக்கும்போது சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே எங்கும் கொளுவாதீர்கள். மெசின் முன்பக்கம் எழும்பி ஓட்டுபவர் மேலேயே விழும். இடது, வலது பிரேக் பெடல்களை வீதியில் ஓடும்போது ஒன்றாகக் கொளுவி வைக்க வேண்டும். சுழலும் பின் தண்டுக்கு அருகே சாரத்தோடு நிற்காதீர்கள். வயலில் இறக்கி உழுது பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். காலில் காயம் இருந்தால் சேற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் நமது வயல்களில் உள்ளது. அதற்கான தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்பே கேளுங்கள்.

9. மாரிக்கு மூடி வைத்தல்

வாணி விழாவுக்குக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, தேசிக்காய் நசித்த கையோடு மாரி வேலையையும் முடித்துவிடலாம். டீசல் டாங்கியை வாய்வரை நிரப்புங்கள்; வெறும் இடம் இருந்தால் அதில் ஈரம் படிந்து தண்ணீர் சேரும். புகைக் குழாயின் வாயை ஒரு தகர டின்னால் மூடி, அங்கே மூடியிருக்கிறது என்று ஸ்டியரிங்கில் ஒரு துணி கட்டி வையுங்கள். கியர் கம்பி றப்பரைச் சுற்றிக் கிறீஸ் பூசுங்கள். அச்சுக்குக் கீழே கட்டை வைத்து டயரின் பாரத்தைக் குறையுங்கள். வெள்ளம் வரும் வளவு என்றால் மெசினை அயலில் மேட்டு வளவுள்ள ஒருவரிடம் ஐப்பசியிலேயே ஒப்படைத்துவிடுங்கள். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். வயரைத் தின்னும் எலிக்கு வேப்பெண்ணெய் தடவிய துணி ஓரளவுக்குத்தான் உதவும். வாரம் ஒருமுறை பொனட்டைத் திறந்து பார்ப்பதே நிச்சயமான வழி.

தை பிறந்து வெயில் வந்ததும் முதலில் ஆழக்கம்பியை உருவி ஒயிலைப் பாருங்கள். அது வெளுத்திருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.